வெள்ளிக்கிழமை எட்டாவது பீரியடு

"ஐயா, இன்னைக்கு உங்க பீரியடைக் கொடுத்தீங்கன்னா ஒரு டெஸ்ட் வச்சு முடிச்சிருவேன்" என்று கணக்கு ஆசிரியர் கேட்பார். நானும் கொடுத்துவிடுவேன். தென்மாவட்டத்து அரசுப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்த முப்பது வருடத்தில் பாதிக்கு மேல் இப்படித்தான் போனது. கால அட்டவணையில் வெள்ளிக்கிழமை எட்டாவது பீரியடு நீதிபோதனை என்று இருக்கும், பக்கத்தில் என் பெயர் இருக்கும், கரும்பலகையில் மட்டும் முக்கோணவியல் ஓடிக்கொண்டிருக்கும். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் கூட்டத்தில் எழுப்பிக் கேள்வி கேட்பது அவரைத்தான். நீதிபோதனை ஏன் நடக்கவில்லை என்று ஒரு அதிகாரியும் என்னிடம் கேட்டதில்லை.

இந்தப் பீரியடு எப்படி இந்த நிலைக்கு வந்தது என்று ஓய்வுக்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இதற்கென்று தனி வேளை கிடையாது. பையன் வாசிக்கப் பழகுவதே 'அறஞ்செய விரும்பு, ஆறுவது சினம்' என்றுதான். அப்புறம் கொன்றைவேந்தன், உலகநீதி, மூதுரை என்று போகும். எழுத்தும் நெறியும் ஒன்றாகவே உள்ளே போயின. அதற்காக அந்தக் காலம்தான் நல்ல காலம் என்று நான் சொல்ல வரவில்லை, அந்தத் திண்ணையில் ஏற விடாமல் நிறுத்தப்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள். பிறகு வெள்ளைக்காரர் ஆட்சியில் அரசுப் பள்ளிகள் வந்தன. அவை மத விஷயத்தில் நடுநிலையாக இருக்க வேண்டும் என்பதை 1854-ல் சார்லஸ் உட் அனுப்பிய கல்வி அறிக்கை உறுதிப்படுத்தியது. மதம் வேண்டாம் என்றால் ஒழுக்கத்தை எதை வைத்துச் சொல்லிக்கொடுப்பது? 1882-ல் அமைந்த ஹண்டர் கல்விக் குழு, எல்லா மதத்துக்கும் பொதுவான கொள்கைகளை வைத்துக் கல்லூரிகளுக்கு ஒரு நீதிநூல் தயாரிக்கலாம் என்றது. அந்தக் குழுவிலேயே இருந்த தெலாங் அதை எதிர்த்துத் தனிக்குறிப்பு எழுதினார்.

சுதந்திரத்துக்குப் பிறகும் அதே கேள்விதான். முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் சமய போதனை கூடாது என்று அரசியலமைப்பின் 28-ஆவது பிரிவு சொல்லிவிட்டது. அது சரியான முடிவு என்றுதான் நான் நினைக்கிறேன், பல மதத்துப் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்காரும் வகுப்பறையில் இருந்தவனுக்கு அதன் அருமை தெரியும். கோத்தாரி கல்விக் குழு (1964-66) வாரத்துக்கு ஒன்றிரண்டு பீரியடு ஒதுக்கச் சொன்னது, அதற்கென்று தனி ஆசிரியர் வேண்டாம், மற்ற பாடம் நடத்துகிறவர்களே எடுக்கட்டும் என்றும் சொன்னது. எங்கள் பள்ளியில் அது தமிழய்யா தலையில் விழுந்தது. குறள் நடத்துகிறவர் அவர்தானே.

2016-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, அறத்துப்பாலும் பொருட்பாலும் சேர்ந்த 108 அதிகாரங்களையும் 6 முதல் 12 வரை பாடத்தில் சேர்க்க வேண்டும் என்று உத்தரவிட்டபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் வகுப்பறைக்கு வரும்போது குறள் மனப்பாடப் பகுதி ஆகிவிடுகிறது. அடிபிறழாமல் எழுதினால் இரண்டு மதிப்பெண்.

அதற்கு அடுத்த வருடம் ஒரு நாள் பத்தாம் வகுப்பில் விடைத்தாள் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு பையன் 'பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும்' குறளைச் சீர் பிரித்து, முத்து முத்தாக எழுதியிருந்தான். முழு மதிப்பெண் போட்டிருந்தேன். தாளை வாங்கக் கையை நீட்டினான். மணிக்கட்டில் இரண்டு வண்ணத்தில் கயிறு. அவனுக்கு அந்தப் பக்கம் அதே வண்ணக் கயிறு, இந்தப் பக்கம் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடைவெளி விட்டு வேறு வண்ணம். எந்தச் சாதி என்று காட்டக் கட்டும் கயிறு அது. எத்தனையோ வருடமாக அதைக் கோயில் கயிறு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், அல்லது அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது. 'தீண்டாமை ஒரு பாவச்செயல், தீண்டாமை ஒரு பெருங்குற்றம், தீண்டாமை மனிதத் தன்மையற்ற செயல்' என்று பாடப்புத்தகத்தின் ஆரம்பத்திலேயே அச்சடித்திருந்த மூன்று வரியை நான் ஒரு நாள்கூட வகுப்பில் வாய்விட்டு வாசித்ததில்லை. அது பாடம் இல்லை என்பதால்.

அந்த வெள்ளிக்கிழமை கணக்கு ஆசிரியர் கேட்டபோது, "இல்ல சார், இனிமே நானே எடுக்கிறேன்" என்றேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "சரிங்கய்யா" என்று போய்விட்டார்.

முதல் இரண்டு வாரம் நன்றாகப் பேசினேன், பிள்ளைகள் நன்றாகத் தூங்கினார்கள். மூன்றாவது வாரம் ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்து, "இந்த வாரம் நம்ம பள்ளிக்கூடத்துல உனக்கு நியாயமில்லைன்னு பட்டது ஒண்ணு எழுது, பேர் வேண்டாம்" என்றேன். குழாயடியில் பெரிய பையன்கள் தள்ளிவிடுவது, கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாதது என்று வந்துகொண்டிருந்தது. ஒரு தாளில் பென்சிலில் எழுதியிருந்தது: 'ஐயா ஸ்காலர்ஷிப் பசங்க எந்திரிங்கன்னு சொல்றாங்க. எல்லாருக்கும் தெரிஞ்சிருது.'

சாதியை வைத்து வரும் உதவித்தொகைக்காக, வகுப்பாசிரியராக நான் வருடா வருடம் செய்த வேலை அது. பதிவேட்டைப் பார்ப்பேன், எழுந்து நிற்கச் சொல்வேன், எண்ணிக் குறித்துக்கொள்வேன், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். நிற்கிற பிள்ளைக்கு அது எத்தனை நிமிடம் என்று நான் யோசித்ததே இல்லை. அந்தத் தாளை அன்று வகுப்பில் வாசித்தேன். "இது நான்தான், தப்பு என்னோடது" என்றேன். வகுப்பு அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. அடுத்த முறை ஒவ்வொருவரையும் தனியாக அழைத்துக் கையெழுத்து வாங்கினேன், இரண்டு நாள் ஆனது.

அதன் பிறகு அவர்கள் பேச ஆரம்பித்தார்கள். கயிறு உடனே அவிழவில்லை. இரண்டு பேர் அவிழ்த்தார்கள், ஒருவன் திரும்பக் கட்டிக்கொண்டான்.

2023-ல் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் கூடப் படித்தவர்களே சாதி வெறியில் ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். அதையொட்டி அமைந்த நீதியரசர் சந்துரு குழு 2024-ல் அறிக்கை கொடுத்தது. வண்ணக் கயிறுகளுக்குத் தடை, வருகைப் பதிவேட்டில் சாதி தெரியக் கூடாது, 6 முதல் 12 வரை வாரம் ஒரு பீரியடு அறநெறி வகுப்பு கட்டாயம் என்று அதில் பரிந்துரைகள் இருந்தன. படித்தபோது அந்தப் பென்சில் எழுத்துதான் கண்ணில் நின்றது.

இப்போது பணியில் இருக்கும் தமிழாசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஜூன் மாதம் கால அட்டவணை போடும்போது ஹெச்.எம். அறையில் நீங்களும் இருங்கள். அந்தப் பீரியடை வெள்ளிக்கிழமை கடைசியில் போட விடாதீர்கள். செவ்வாயோ புதனோ, காலை மூன்றாவது பீரியடாகக் கேட்டு வாங்குங்கள். பிள்ளைகள் விழித்திருக்கும் நேரம் அது.