பெத்தாவின் நடையில் உகந்தை வரை

"நடையைக் குறை மகள். பேசக்கூட உனக்கு மூச்சு வரவில்லை."

திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி கோயில் வாசலில் அதிகாலை நான்கு மணிக்குத் தேங்காய் உடைத்துப் புறப்பட்டு முக்கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. எங்கள் பதினாறு பேரில் முன்னால் போய்க்கொண்டிருந்தவள் நான். கடற்காற்றின் குளிர்ச்சியில் கால்கள் தாமாகவே விரைந்தன. பின்னாலிருந்து கூப்பிட்டுத் தடுத்தவர் மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் ஒழுங்கையிலேயே வசிக்கும் பெத்தா. எங்கள் பக்கத்தில் பாட்டியைப் பெத்தா என்றுதான் அழைப்போம். வயது 71. கதிர்காமத்துக்கு இது அவருடைய பதினோராவது பாதயாத்திரை. எனக்கு முதலாவது, அதிலும் காட்டின் தொடக்கத்திலுள்ள உகந்தை முருகன் கோயிலோடு திரும்பிவிடுவது என்று வீட்டிலேயே முடிவெடுத்திருந்தேன்.

கதிர்காமத் திருவிழாவை ஒட்டி உகந்தையிலிருந்து கதிர்காமம் போகும் காட்டுப்பாதையை ஆண்டுக்குச் சில நாட்கள் மட்டும் திறந்துவிடுவார்கள். யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியிலிருந்து வேலோடு புறப்படுகிறவர்கள் வாரக்கணக்கில் நடந்து அங்கே வந்து சேர்வார்கள். திருக்கோவிலிலிருந்து உகந்தை சுமார் 60 கிலோமீற்றர். நடந்து பழகியவர்களுக்கு மூன்று நாள் போதும். நாங்கள் ஐந்து நாள் நடந்தோம். கூட்டத்தில் யார் மெதுவாக நடக்கிறாரோ அவருடைய நடைதான் எல்லோருக்கும் நடை என்பது பெத்தாவின் ஏற்பாடு.

ஆறு வாரங்களுக்கு முன்பே அவர் என்னைப் பழக்கத் தொடங்கிவிட்டார். முதலில் மாலைகளில் கல்லடிப் பாலத்தைக் கடந்து வாவிக்கரையோரம் மூன்று கிலோமீற்றர், பிறகு ஐந்து. கடைசி இரண்டு வாரமும் முதுகில் பையோடு கடற்கரை மணலில். நான் ஆசையாக அடுக்கிய பையைப் பாயில் கவிழ்த்து, பாதிக்கு மேற்பட்டதை அலுமாரிக்கே திருப்பி அனுப்பினார். மிஞ்சியவை இரண்டு மாற்றுடுப்பு, ஒரு போர்வை, தண்ணீர்ப் போத்தல், உப்பும் சீனியும் கலந்த பொட்டலம், தேங்காய் எண்ணெய், துவைத்துக் காய்ந்த பழைய வேட்டித் துணி, ஒரு டோர்ச். எல்லாம் சேர்ந்து ஐந்து கிலோவுக்குள் அடங்கின. அவர் வெறுங்காலில் நடப்பவர். என்னை அதற்கு விடவில்லை. பழகாத காலைத் தார் வீதியில் வைக்கக் கூடாது என்று சொல்லி, ஒரு வருடமாகப் போட்டு மெதுமையான சப்பாத்தையே அணியவைத்தார்.

ஆடி மாதத்துக் கிழக்கில் வெயிலைவிடக் கொடியது கச்சான் காற்று. தரைப்பக்கமிருந்து வறண்டு வீசி, வியர்வை தெரியுமுன்பே உடம்பின் நீரை உறிஞ்சிவிடும். ஆகவே காலை நான்கிலிருந்து ஒன்பது வரை நடை, பிறகு மர நிழல், மாலை நான்குக்குப் பிறகு மீண்டும் நடை. மணிக்கு ஒரு முறை பத்து நிமிடம் உட்கார்ந்து கால்களைப் பையின்மேல் உயர்த்தி வைப்போம். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் இரண்டு மிடறு குடிப்போம். முதலில் எனக்கு இந்த நிறுத்தங்கள் பொறுக்கவில்லை. இன்னும் நடக்கலாமே என்று உடம்பு சொல்லும்போதே உட்கார வேண்டும் என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு கொப்புளம் தேவைப்பட்டது.

அது சங்கமன்கண்டியை நெருங்கும்போது வந்தது. இலங்கையின் கிழக்கு முனை அந்தப் பக்கத்தில்தான் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்க்கும் ஆசையில், இடது குதிகாலில் சூடு ஏறுவதை அரை மணி நேரமாக நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே சப்பாத்தைக் கழற்றி, காலைக் காற்றாட விட்டு, துணி சுற்றியிருக்கலாம். பிள்ளையார் கோயிலை அடைந்தபோது ஐந்து ரூபாய்க் குற்றியளவு கொப்புளம். பெத்தா அதைக் குத்தவில்லை. குத்தினால் மண் புகுந்து புண்ணாகிவிடும் என்றார். கழுவி, ஈரம் ஒற்றி, சுற்றிலும் எண்ணெய் தடவி, துணியை வளையம்போலச் சுருட்டி, கொப்புளத்தில் எதுவும் படாதபடி கட்டினார். மறுநாள் கோமாரியோடு நிறுத்திவிடுவோம் என்று எல்லோரிடமும் அறிவித்தார். என் ஒருத்தியின் குதிகாலுக்காகப் பதினைந்து பேர் நாளைக் குறுக்கிக்கொண்டார்கள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. மறுநாள் மாலை கோமாரியில் ஓர் ஆலமர நிழலில், மற்றவர்கள் திருப்புகழ் பாடிக்கொண்டிருக்க, நான் அழுதேன். வலியால் அல்ல.

பொத்துவிலை நெருங்கும்போது, வீதியோர வீடொன்றிலிருந்து முஸ்லிம் அம்மா ஒருவர் வாளி நிறையத் தேசிக்காய்த் தண்ணீர் கொண்டுவந்து ஆளுக்கொரு கோப்பை கொடுத்தார். போன வருடம் வந்த பெத்தாவை அடையாளம் கண்டு, "இன்னும் நடக்கிறீர்களா தாத்தா?" என்று கைகளைப் பிடித்துக்கொண்டார். அவர்கள் அக்காவைத் தாத்தா என்றுதான் அழைப்பார்கள்.

நான்காம் நாள் அறுகம்பைப் பாலத்தைத் தாண்டினால் வயல்களும் களப்புகளும். யானைகள் வீதியைக் கடக்கும் பகுதி என்பதால் நன்றாக விடிந்த பிறகே, ஒருவரையொருவர் விடாமல் நடந்தோம். தூரத்து நீரோரம் இரண்டு யானைகள் மேய்ந்துகொண்டிருந்தன. பஸ்ஸில் போயிருந்தால் ஒரு நொடிக் காட்சி. எங்களுக்கோ அவை ஒரு மணி நேரம் கண்ணில் இருந்தன. பாணமையில் சிங்களமும் தமிழும் ஒரே முற்றத்தில் கேட்கும். அங்கே பத்தினித் தெய்வத்துக்கு நடக்கும் அங்கெலிய, நம் கண்ணகி அம்மன் கோயில்களில் இரு கொம்புகளைக் கொளுவி இரு பக்கமாக இழுக்கும் கொம்புமுறி விளையாட்டேதான். திண்ணையில் உட்கார்ந்து அதை விவரித்த பெரியவர் இரு பெயர்களையும் மாறிமாறிச் சொன்னார்.

பாணமைக்கு அப்பால் தார் முடிந்து கிறவல் பாதை. அந்தக் கடைசி 16 கிலோமீற்றரில் என் கால் ஒரு தாளத்தைப் பிடித்துக்கொண்டது. அருகில் பெத்தாவின் பொல்லு தட்டும் ஓசை. அதற்கு இரண்டு அடி. யாரும் பேசவில்லை. மாலையில் உகந்தைமலைப் பாறையில் ஏறி, வள்ளியம்மன் கோயிலருகே சுனை நீரில் முகம் கழுவினேன். கீழே கடல், தெற்கே மறுநாள் அவர்கள் போகப்போகும் கூமுனைக் காடு. பெத்தா என் குதிகாலை மடியில் வைத்து அழுத்திப் பார்த்தார்.

"தோல் ஆறிவிட்டது. வருகிற வருடம் உள்ளே வரலாம்."

விடிந்ததும் காட்டு வாயில் திறந்தது. கூட்டம் அரோகரா முழக்கத்தோடு முண்டியடித்து முன்னே போயிற்று. பெத்தா எல்லோரையும் விட்டுவிட்டுக் கடைசியாகப் புறப்பட்டார். வாயிலருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதே நடை. பாதை வளைவில் அவர் மறைய நெடுநேரமாயிற்று.