கூட்டிப் போய்க் காட்டு

பனியன் கம்பெனிகளில் தீப்பாதுகாப்பு ஆய்வு என் வேலை. அவசர வழியை மறித்துத் துணி மூட்டை அடுக்கியிருக்கிறதா, கதவைத் தள்ளினால் திறக்கிறதா என்று பார்த்து அறிக்கை கொடுப்பேன். பல இடங்களில் அதைப் படிக்காமலே கோப்பில் போட்டுவிடுவார்கள். அந்த எரிச்சலில் இருந்தபோதுதான் அமெரிக்க அமைச்சரவையின் முதல் பெண்ணான பிரான்சஸ் பெர்கின்ஸைப் பற்றிப் படித்தேன்.

1911 மார்ச் 25, நியூயார்க். வாஷிங்டன் சதுக்கத்துக்கு அருகே தெரிந்தவர் வீட்டுக்கு டீக்குப் போயிருந்தவர், தீயணைப்பு வண்டிச் சத்தம் கேட்டு ஓடினார். டிரையாங்கிள் என்ற தையல் கம்பெனி எரிந்துகொண்டிருந்தது. 9ஆம் மாடியில் ஒரு கதவு பூட்டியிருந்தது. தீயணைப்பு ஏணியோ அந்த உயரத்துக்கு எட்டவில்லை. பெண்கள் ஜன்னல் வழியே குதித்ததை அவர் கண்ணால் பார்த்தார். இறந்தவர்கள் 146 பேர்.

அப்புறம் மாநில விசாரணைக் குழு அமைந்தது. அதில் வேலை செய்த பெர்கின்ஸ், அறிக்கை எழுதிக் கொடுத்ததோடு நிற்கவில்லை. குழுத் தலைவர் ராபர்ட் வாக்னரை ஒரு தொழிற்சாலைக்குக் கூட்டிப் போய், சுவரில் இருந்த சின்ன ஓட்டைக்குள் தவழ்ந்து வெளியே போக வைத்தார். அங்கே பனி உறைந்த இரும்பு ஏணி. அதுவும் தரைக்கு 12 அடி மேலேயே முடிந்துவிடும். தீ பிடித்தால் தப்பிக்கும் வழி என்று கம்பெனி எழுதி வைத்திருந்தது அதைத்தான்!

இதைப் படித்த பிறகு நானும் முதலாளிகளை மேல் மாடியிலிருந்து வெளிப்படி வழியாக என்னோடு இறங்கி வரச் சொல்கிறேன். பாதிப் படியில் நின்றே வெல்டருக்கு போன் போட்டவர் உண்டு.

பெர்கின்ஸிடம் இன்னொன்றும் எனக்குப் பிடிக்கும். ஆண்கள் தங்கள் அம்மாவை நினைவூட்டும் பெண்ணுக்குக் காது கொடுக்கிறார்கள் என்று கண்டுகொண்டு, வேண்டுமென்றே வயதான தோரணையில் உடுத்தினார். ஆண்கள் மனசு எப்படி வேலை செய்கிறது என்று தனியாகக் குறிப்புகள்கூட எழுதி வைத்திருந்தார். அந்தக் குறிப்புகள் எங்கள் ஆய்வுப் பயிற்சியில் பாடமாக இருந்திருக்கலாம்.

1933இல் அமெரிக்க அதிபராகத் தேர்வான ரூஸ்வெல்ட் தொழிலாளர் துறையைத் தர முன்வந்தபோது, உடனே சரி என்று சொல்லவில்லை. குறைந்தபட்சக் கூலி, வேலை நேர வரம்பு, குழந்தை உழைப்புக்குத் தடை, முதியோர் ஓய்வூதியம் என்று பட்டியல் போட்டு, இதற்கெல்லாம் சம்மதமா என்று கேட்டார். 12 வருஷம் அந்தப் பதவியில் இருந்து பெரும்பாலானவற்றைச் சாதித்தார். 1935இல் முதியோர் ஓய்வூதியத்துக்கு வழி செய்த சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1938இல் மணிக்கு 25 சென்ட் குறைந்தபட்சக் கூலி. ஆனால் இரண்டிலும் விவசாயக் கூலிகளும் வீட்டு வேலைக்காரர்களும் விடுபட்டுப் போனார்கள். அவர்களில் கறுப்பினத்தவர் ஏராளம். கிடைத்தவரை லாபம் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. வாக்னரைத் தவழ வைத்தவர், செனட்டர்களைப் பருத்திக் காட்டுக்கும் கூட்டிப் போயிருக்க வேண்டும்.