மறுபடி வராத நோயாளி

இலங்கையின் மலையகத்தில் கால்நடை வைத்தியராக இருப்பவருக்கு நோயாளி என்றால் பெரும்பாலும் பசுதான். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் பின்னால் தகரக் கொட்டிலில் கட்டிய ஒற்றைப் பசு, அதன் பாலை நம்பிக் கடனும் படிப்புச் செலவும் கணக்கிட்டு வைத்திருக்கும் ஒரு குடும்பம். மடிவீக்கமோ காய்ச்சலோ எதுவானாலும் ஊசி போட்டுவிட்டு, "நாளை மறுநாள் வந்து பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு வரலாம். பசு அங்கேயே நிற்கும். குரங்கிடம் அப்படிச் சொல்ல முடியாது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கணக்கில் கற்ற வைத்தியத்தில் பாதியை நான் வேறு விதமாக யோசிக்கவேண்டி வந்தது இதனால்தான்.

காட்டு விலங்குகள் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பு. அதன் வைத்தியர்கள் தொலைவிலிருந்து வரவேண்டியிருக்கும்போது, அவர்கள் கேட்டுக்கொண்டால் எங்களைப் போன்றவர்கள் கை கொடுப்போம். எங்கள் பக்கம் இரண்டு வகைக் குரங்குகள் உண்டு. தலையில் தொப்பி வைத்தாற்போல மயிர் வட்டமாக விரிந்திருக்கும் செங்குரங்கு ஒன்று. சிங்களத்தில் ரிலவா என்பார்கள். கறுத்து அடர்ந்த மயிரும் வெளுத்த தாடியுமாக மர உச்சியில் உட்கார்ந்திருக்கும் மந்தி மற்றது. இரண்டுமே இந்தத் தீவைத் தவிர உலகில் வேறெங்கும் காட்டில் இல்லாதவை. ஹக்கல பூங்காவுக்குப் போனால் ஒரே காலையில் இரண்டையும் பார்த்துவிடலாம். என்னிடம் வருவது பெரும்பாலும் செங்குரங்கு. கூரைத் தகரத்தைத் தூக்கிச் சோற்றுப் பானையை எடுப்பதும், கரட்டைப் பிடுங்கி ஒரு கடி கடித்துவிட்டு எறிவதும் அதுதான். அடிபடுவதும் அதுவே.

வேலை தொலைபேசியில் தொடங்குகிறது. "டொக்டர், ஒரு குரங்குக்குக் கை தொங்குகிறது, உடனே வாருங்கள்." நான் உடனே போவதில்லை. ஒரு காணொளி எடுத்து அனுப்பச் சொல்வேன். சாப்பிடுகிறதா, கூட்டம் நகரும்போது தானும் நகர்கிறதா, மற்றக் குரங்கு அதற்குப் பேன் பார்க்கிறதா என்று கேட்பேன். மூன்றுக்கும் ஆம் என்றால் பெரும்பாலும் போகாமல் விட்டுவிடுவதே நல்லது. காட்டில் எலும்பு முறிந்து, கோணலாகக் கூடி, அதோடு குட்டி வளர்த்த குரங்குகள் ஏராளம். நான் பிடிக்கப் போனால் அது ஓடும், மரத்திலிருந்து விழும், கூட்டம் கலையும். இதைத் தொலைபேசியில் விளக்கும்போது மறுமுனையில் ஒரு மௌனம் வரும். சோம்பேறி வைத்தியர் என்று நினைக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். நினைத்துவிட்டுப் போகட்டும்.

போகத்தான் வேண்டும் என்றால், ஒரே தடவையில் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு வரவேண்டும். முதல் சிக்கல் எடை. நானூறு கிலோ பசுவில் இருபது கிலோ பிசகினாலும் மருந்து கேட்கும். நாலு கிலோ பெண் குரங்கில் ஒரு கிலோ பிசகினால் கால் பங்கு தவறிவிடுகிறது. அதையும் கிளையில் உட்கார்ந்திருக்கும்போதே கண்ணால் மட்டிட வேண்டும். கீழே நாலு பேர் சாக்கையோ படங்கையோ விரித்துப் பிடிக்காமல் ஊதுகுழலில் மயக்க ஊசி ஏற்றமாட்டேன். கெட்டமைன் கொடுத்த குரங்கு கண்ணைத் திறந்தபடியே மயங்கிக் கிடக்கும். கூட்டத்தில் யாராவது ஒருவர் "செத்துவிட்டது" என்பார், இன்னொருவர் "பார்க்கிறது, கடிக்கப் போகிறது" என்பார். கண் காய்ந்துவிடாமல் களிம்பு இடுவேன்.

அடுத்து வாய்க்குள் விரல். செங்குரங்குக்குக் கன்னத்தில் பை உண்டு. திருடியதையெல்லாம் அதற்குள் அடைத்துக்கொண்டுதான் ஓடும். மயங்கியபின் அந்த இரை தொண்டைக்குள் இறங்கினால் மூச்சு அடைத்துப் போகும். போஞ்சித் துண்டு, பாண், ஒருமுறை பூசைக்கு வைத்த கற்பூரக்கட்டி வரை எடுத்திருக்கிறேன். பிறகு குளிர். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர். மார்கழி, தை மாதங்களில் புல்லில் உறைபனி விழும் ஊர். மயங்கிய சிறு உடல் வெகு விரைவில் சூடு இழக்கும். எனவே எந்த லயத்துக்குப் போனாலும் முதலில் ஓர் அக்காவிடம் வெந்நீர் வைக்கச் சொல்வேன். போத்தல்களில் அடைத்துத் துணி சுற்றி இரண்டு பக்கமும் வைத்துக்கொள்ளத்தான். அவர்கள் எனக்குத் தேநீர் என்று நினைத்துச் சீனியும் கொண்டு வருவார்கள்.

வெளியே முடிச்சுத் தெரியும் தையலைக் குரங்கு மாலைக்குள் பிரித்துவிடும். தான் பிரிக்காவிட்டால் தங்கை பிரிக்கும். ஆகவே தோலுக்கு அடியில் மறைத்து, தானே கரையும் நூலால் தைக்க வேண்டும். நாளுக்கு இருமுறை மாத்திரை என்ற பேச்சே இல்லை, ஒரு தடவை போட்டால் சில நாள் நிற்கும் ஊசிதான். காற்றுத் துப்பாக்கிக் குண்டு விடயத்திலும் இதே கணக்கு. வேறு எதற்கோ எக்ஸ்ரே எடுத்த குரங்குகளில் பழைய குண்டுகள் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். உடன் இருப்பவர்கள் எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொல்வார்கள். தசைக்குள் அமைதியாகக் கிடக்கும் குண்டைத் தோண்டி எடுப்பது புதிதாக ஒரு காயத்தை உண்டாக்குவதுதான். மூட்டுக்குள்ளோ கண்ணருகிலோ இருந்தாலொழிய நான் தொடுவதில்லை.

இந்த ஒரே தடவைக் கணக்கை அடியோடு குழப்புவது மின்சாரம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடு முழுக்க மின்சாரம் போனது என்று அமைச்சர் சொன்னார். நாடே சிரித்தது. அந்தக் குரங்குக்கு என்ன ஆயிற்று என்று என்னிடம் கேட்டவர் எவருமில்லை. தோட்டப் பாதைகளில் உறையில்லாத கம்பிகள் மரக்கிளையை ஒட்டிப் போகின்றன. ஒரு கையால் கம்பியையும் மறு கையால் இன்னொரு கம்பியையும் தொட்டால் முடிந்தது. உயிர் தப்பிய குரங்கைப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. உள்ளங்கையில் ஒரு கருகல், பாதத்தில் இன்னொன்று. அவை மின்சாரம் நுழைந்த இடமும் வெளியேறிய இடமும். இடையில் தசையும் இரத்தக் குழாயும் வெந்திருக்கும். எது செத்தது, எது பிழைக்கும் என்பது அன்று தெரியாது. நாட்கள் செல்லச் செல்லத்தான் உயிருள்ள தோலுக்கும் இறந்த தோலுக்கும் நடுவே கோடு விழும்.

அதுவரை காத்திருந்தால் கையில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். ஆனால் காத்திருப்பது கூண்டில். செங்குரங்குப் பெண், பிறந்த கூட்டத்திலேயே கடைசிவரை வாழும். அதன் தாய்க்கு அங்கே என்ன மதிப்போ அதை ஒட்டியே அதற்கும் மதிப்பு. ஆண்தான் பருவம் வந்ததும் வேறு கூட்டம் தேடிப் போகிறது. எனவே நீண்ட நாள் பிரித்து வைத்த பெண்ணை எங்கோ ஒரு காட்டோரத்தில் திறந்துவிடுவதை நான் விடுதலை என்று எண்ணமாட்டேன். அதைத் தெரிந்தவர்கள் அங்கே யாருமில்லை. இதற்கெல்லாம் பாடப்புத்தகத்தில் தெளிவான விடை கிடையாது. நானாக வைத்துக்கொண்ட வழக்கம் இதுதான்: கை குளிர்ந்து, குத்தினாலும் இரத்தம் வராமல் இருந்தால், அன்றே மேலே நல்ல இடத்தில் வெட்டி மூடிவிடுவேன். கொஞ்சம் கூடுதலாகப் போனாலும் பரவாயில்லை. முடிந்த அளவு விரைவில், பிடித்த அதே மரத்தடியில் விட்டுவிடுவேன். ஒற்றைக் கையோடு குரங்கு ஏறும், தாவும், குட்டியும் சுமக்கும். இரண்டு கையும் போயிருந்தால் வலியில்லாமல் உறங்கவைத்துவிடுவேன்.

இந்தக் கடைசி முடிவைச் சீதாஎலிய பக்கமோ இறம்பொடைப் பக்கமோ எடுத்துப் பாருங்கள். இரண்டு இடத்திலும் ஆஞ்சநேயர் இருக்கிறார். "அனுமார் வாரிசை ஊசி போட்டுக் கொன்றுவிட்டீர்களே டொக்டர்" என்று ஒரு தாத்தா முகத்துக்கு நேரே கேட்டார். நான் வாதாடவில்லை. குரங்கின் இரண்டு கைகளையும் துணி விலக்கிக் காட்டினேன். அவர் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புதைக்க இடம் தாமே காட்டுவதாகச் சொன்னார்.

மந்தி என்னிடம் அதிகம் வருவதில்லை, வந்தால் வயிற்று உபாதையோடு வரும். அதற்கு இலைதான் ஆகாரம். பல அறைகள் கொண்ட வயிற்றில் நுண்ணுயிர்கள் இலையை நொதிக்க வைத்துத் தருகின்றன. மாட்டு வைத்தியருக்கு இது நன்கு பழகிய வயிறு. அரிசியும் மாவும் அளவுக்கு மீறித் தின்ற பசு எப்படி வயிறு புளித்து ஊதிப் படுக்குமோ, சுற்றுலா வண்டியிலிருந்து எறியப்படும் பாணும் பிஸ்கட்டும் தின்ற மந்தியும் அப்படியே படுக்கும். வாகனத்தை நிறுத்தி ஊட்டுகிறவர்கள் புண்ணியம் செய்வதாகவே நினைக்கிறார்கள். அவர்கள் அடுத்த வளைவைத் தாண்டியபின் நடப்பதை அவர்கள் பார்ப்பதில்லை.

தாய் செத்த குட்டியைத் தூக்கி வந்து பால்மா கரைத்து வளர்ப்பவர்களோடுதான் எனக்கு உண்மையான சண்டை. குட்டியாக இருக்கும்போது தோளில் உட்காரும். கோரைப்பல் முளைத்தபின் வீட்டுப் பிள்ளையைக் கடிக்கும். பிறகு சங்கிலி. சங்கிலி இடுப்புத் தோலுக்குள் புதைந்து போன பிறகு டொக்டர். ஒருவர் பல்லை மட்டும் பிடுங்கித் தரச் சொன்னார், கூலியும் பேசினார். குரங்கு கடித்தால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் விசர்நோய்த் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள் என்று அவரிடம் சொன்னேன். நம்முடைய காசநோய் குரங்குக்கும் தொற்றும் என்றும் சொன்னேன். அதற்குப் பிறகுதான் அவர் வீட்டு வாசலில் நான் முகக்கவசம் போட்டிருந்த காரணம் அவருக்குப் புரிந்தது.

சென்ற ஆண்டு ஒரு மரக்கறித் தோட்டக்காரர் அழைத்தார். பன்றிக்கு அவரே வைத்த சுருக்குக் கம்பியில் ஒரு பெண் குரங்கு மணிக்கட்டோடு மாட்டியிருந்தது. 2020 மே மாதம் நல்லதண்ணியில் கருஞ்சிறுத்தை மாட்டி, சில நாட்களில் உயிர்விட்டதும் இத்தகைய கம்பியில்தான். அதை நினைவூட்டினேன். அவர் பதில் சொல்லாமல் டோர்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டார். கம்பியை வெட்டி, வீங்கிய கையை அழுத்திப் பார்த்தால் விரல் நுனியில் இரத்தம் திரும்பியது. கை தப்பியது. காயத்தைக் கழுவி ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது அவர் மெதுவாகக் கேட்டார்:

"மயங்கித்தானே கிடக்கிறது டொக்டர். குட்டி போடாமல் இருக்க ஒரு ஒப்பரேஷன் இப்போதே செய்துவிட முடியாதா?"

கேள்வியில் தவறில்லை. என் ஒரே தடவைக் கணக்குக்கு அதைவிடப் பொருத்தமான சிகிச்சை கிடையாது. ஆனால் ஒன்றுக்குச் செய்து பயனில்லை. ஆணுக்குச் செய்தால் வேறோர் ஆண் வரும். கூட்டத்திலுள்ள பெண்களில் பெரும்பாலானவற்றைப் பிடித்துச் செய்து, பிறகு வளர்ந்துவரும் பெண்களையும் விடாமல் தொடர்ந்தால்தான் சில ஆண்டுகளில் எண்ணிக்கை இறங்கும். அதுவரை போஞ்சி போகத்தான் செய்யும். இதையெல்லாம் சொன்னேன். அவர் தலையாட்டினார். விடியும் முன்பே குரங்கு தள்ளாடி எழுந்து சவுக்கு மரத்தில் ஏறியது.

அடுத்த வாரம் தொலைபேசியில் அழைத்தார். கம்பிகளைக் கழற்றிவிட்டாராம். பெண்கள் மொத்தம் எத்தனை என்று எண்ணி எழுதி வைத்திருக்கிறாராம். திணைக்களத்தில் யாரிடம் பேசவேண்டும், கூண்டு எத்தனை அடி நீளம் வேண்டும் என்று கேட்டார்.