சிடிஎஸ் தேர்வுக்கு ராணுவ டிரோன்: பெயரைவிட வேலையைப் படியுங்கள்

குன்னூர், வெலிங்டன் பக்கம் சிடிஎஸ் (முப்படை அதிகாரிகளைச் சேர்க்கும் தேர்வு) தேர்வுக்குப் படிப்பவர்களின் நோட்டுகளில் டிரோன் என்பது பெரும்பாலும் வெறும் பெயர்ப் பட்டியல். அதனால்தான் தேர்வறையில் ஹெரானும் ஹாரப்பும் ஒன்றாகிவிடுகின்றன. இரண்டும் இஸ்ரேல் தயாரிப்பு. ஆனால் ஹெரான் வேவு பார்த்துத் திரும்பிவரும், ஹாரப் இலக்கின்மேலேயே பாய்ந்து வெடிக்கும். 2020 கராபாக் போரில் அஜர்பைஜான் பயன்படுத்தியது ஹாரப்பை.

ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று விஷயம் எழுதுங்கள்: என்ன வேலை, எப்படிக் கிளம்பி இறங்கும், கட்டளை எந்த வழியாகப் போகிறது. லக்ஷ்யா வீரர்கள் சுட்டுப் பழகுவதற்கான பறக்கும் இலக்கு. நிஷாந்த் வேவு டிரோன். ஏவுதளத்திலிருந்து உந்திவிடப்பட்டு பாராசூட்டில் இறங்கும். தபஸும் வேவு டிரோன்தான். ஆனால் அதற்கு ஓடுபாதை வேண்டும்.

மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். தொட்டபெட்டா முகடு குறுக்கே நின்றால் அந்தப் பக்கம் பறக்கும் டிரோனுக்கு நேர்க்கோட்டு ரேடியோ சிக்னல் போய்ச் சேராது. அமெரிக்கத் தயாரிப்பான எம்கியூ-9பி டிரோன் செயற்கைக்கோள் வழியாக இயங்குவதால் இந்தத் தடை அதற்கில்லை. (இதை வாங்க இந்தியா போட்ட 2024 அக்டோபர் ஒப்பந்தம்: மொத்தம் 31, கடற்படைக்கு 15, தரைப்படைக்கும் விமானப்படைக்கும் தலா 8.) உக்ரைன் போரில் ஜாமரிடமிருந்து (ரேடியோ சிக்னலைக் குலைக்கும் கருவி) தப்ப, சிறு டிரோன்கள் கட்டளை வரும் கண்ணாடி இழையைப் பின்னால் அவிழ்த்துக்கொண்டே பறக்கின்றன.

இயற்பியலையும் இங்கேயே படித்துவிடலாம். ஊட்டி 2,240 மீட்டர். காற்றடர்த்தி கடல்மட்டத்தைவிடச் சுமார் 20 சதவீதம் குறைவு. விசிறியின் உந்துவிசை அடர்த்திக்கும் சுழற்சி வேகத்தின் வர்க்கத்துக்கும் நேர்விகிதம். அதே எடையைத் தூக்க 0.8-இன் வர்க்கமூலத்தால் ஒன்றை வகுங்கள்: 1.12. அதாவது சுமார் 12 சதவீதம் வேகமாகச் சுழல வேண்டும். அந்தரத்தில் நிற்கத் தேவையான திறனும் அதே அளவு கூடும். ஜனவரிக் குளிரில் லித்தியம் பேட்டரியும் மந்தமாகிவிடும். பறக்கும் நேரம் இரண்டு பக்கமும் அடிவாங்கும். லடாக்கில் கேட்கவே வேண்டாம்.

எடைப் பிரிவில் ஒரு பொறி உண்டு. 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ, 25 வரை சிறியது, 150 வரை நடுத்தரம் என்பது டிரோன் விதிகள் 2021-இன் கணக்கு. முப்படைகளின் டிரோன்களுக்கு அந்த விதிகளே பொருந்தாது. ராணுவத்தில் பறக்கும் உயரமும் நேரமும்தான் வகையைச் சொல்லும். மேல் (MALE: நடுத்தர உயரம், நீண்ட நேரம்), ஹேல் (HALE: அதிக உயரம், நீண்ட நேரம்) என்பவை அந்தப் பிரிவுகள்.

பொது அறிவுத் தாளில் 120 கேள்வி, 100 மதிப்பெண். தவறுக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழியும். நான்கில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் குறித்தால் சராசரி லாபம் பூஜ்யம். ஒரு விடையையாவது தவறென்று உறுதியாக நீக்க முடிந்தால் மட்டும் குறியுங்கள்.