அண்ணாமலையார் திதி கொடுக்கும் நாளில் அப்பாவுக்காக

ஒரு மனிதருக்குத் திதி கொடுக்கச் சாமியே ஊர்வலமாகக் கிளம்பிப் போகிற ஊர் எங்கள் திருவண்ணாமலை. ஒவ்வொரு மாசி மகத்தன்றும் அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டு கிராமத்துக்கு எழுந்தருளி, கவுதம நதிக்கரையில் வல்லாள மகாராஜாவுக்கு மகன் முறையில் திதி கொடுக்கிறார். தீபத்துக்கு வருகிற லட்சக்கணக்கான பேரில் பலருக்கு இப்படி ஒரு நாள் இருப்பது தெரியாது. உள்ளூர்க்காரியான நானும் கேள்விப்பட்டிருந்தேனே தவிர, போனதில்லை. அப்பா காலமான பிறகு வந்த மாசி மகத்துக்குத்தான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன்.

வல்லாள மகாராஜா என்று நாங்கள் சொல்வது ஹொய்சாள அரசர் மூன்றாம் வீர வல்லாளரை. 1311இல் டெல்லி சுல்தானின் தளபதி மாலிக் காபூரின் படை தன் தலைநகரான துவாரசமுத்திரத்தைத் தாக்கியதைப் பார்த்தவர், பிற்காலத்தில் திருவண்ணாமலையைத் தலைநகராக்கிக்கொண்டார். கோயிலுக்குள் அவர் பெயரிலேயே வல்லாள கோபுரம் நிற்கிறது. முதிர்ந்த வயதில் மதுரை சுல்தானோடு போருக்குப் போய்ப் பிடிபட்டுக் கொல்லப்பட்டார்.

கதைப்படி அவருக்குப் பிள்ளை இல்லை. அடியார் வேடத்தில் வந்து சோதித்த ஈசன், ராணி சல்லமாதேவி தொட்டதும் பச்சைக் குழந்தையாகிவிட்டார் என்றும், ராஜா ஆசையாகத் தூக்கப் போனபோது மறைந்து, “உனக்கு மகனாக இருந்து கடைசிக் காரியத்தை நானே செய்வேன்” என்று வாக்குக் கொடுத்தார் என்றும் தலபுராணம் சொல்கிறது. அந்த வாக்கைத்தான் கோயில் இன்றுவரை நடத்திக் காட்டுகிறது. தைப்பூசத்தன்று ஈசான்ய குளத்தில் தீர்த்தவாரி முடித்துத் திரும்பும் சாமிக்கு, ராஜா போரில் இறந்த சேதி சொல்லப்படும். அதோடு மேளம் நின்றுவிடும். கொட்டு முழக்கோடு போனவர் சத்தமில்லாமல் கோயிலுக்குத் திரும்புவார். அடுத்த மாதம் மாசி மகத்தில் திதி.

என் அப்பா மின்வாரியத்தில் லைன்மேன். தேர் அன்று மாட வீதியில் வேலை பார்த்த லைன்மேன் என்று சொன்னால்தான் அவரைச் சரியாகச் சொன்னதாகும். தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் மகா தேரோட்டம். காலையில் பிள்ளையார் தேர் கிளம்பும், அடுத்து முருகர் தேர், அப்புறம் பெரிய தேர். அதற்குப் பின்னால் பெண்கள் இழுக்கும் அம்மன் தேர், பிள்ளைகள் இழுக்கும் சண்டிகேஸ்வரர் தேர். எல்லாம் நிலைக்கு வந்து சேர நடுராத்திரி தாண்டிவிடும். தேர் வருகிற வீதியில் கரண்டை நிறுத்தி, குறுக்கே போகிற கம்பிகளைக் கழற்றி, தேர் தாண்டியதும் மறுபடியும் இழுத்துக் கட்டிக் கரண்ட் கொடுக்க வேண்டியிருந்தது. ஐந்து தேருக்கும் இதுதான். விடியற்காலையில் வீட்டை விட்டுப் போனால் மறுநாள்தான் திரும்புவார். “சாமி பாத்தியாப்பா?” என்று சின்ன வயதில் கேட்டால், “கலசத்தப் பாத்தேன் பாப்பா” என்பார். கலசத்துக்கும் கம்பிக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்பதில்தான் அன்றைக்கெல்லாம் அவர் கண் இருக்கும்.

சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு வைத்திருப்பார். எந்த லைனில், எத்தனை மணிக்கு எல்.சி. வாங்கினார், எப்போது திருப்பிக் கொடுத்தார் என்று அதில் எழுதி வைப்பார். எல்.சி. என்றால் லைன் கிளியர். மேலே ஆள் இருக்கிறான், சப்ளை கொடுக்காதே என்பதற்கான அனுமதி. அதைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால், தன்னோடு வந்தவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். எல்லாரும் தரையில் நின்று பதில் சொன்ன பிறகுதான் போனை எடுப்பார். எங்களை வளர்த்ததும் இந்த மாதிரிதான். ராத்திரி எந்நேரம் வந்தாலும் அக்கா பெயரையும் என் பெயரையும் ஒரு தடவை கூப்பிட்டு, நாங்கள் தூக்கத்தில் ‘உம்’ என்று சொன்ன பிறகுதான் கை கால் கழுவப் போவார்.

அவர் இறந்தபோது வந்த கூட்டத்தில் பாதிப் பேரை எங்களுக்கு யாரென்றே தெரியவில்லை. ஒரு பாட்டி மாலைகூட இல்லாமல் வெறுங்கையோடு வந்து காலடியில் உட்கார்ந்து அழுதது. அந்தப் பாட்டியின் குடிசைக்கு மனு எழுதியதும், ஆபீசுக்கு நடந்ததும், கடைசியில் பல்பு மாட்டி எரியவிட்டதும் அப்பா. அதற்கு முன்னால் பிள்ளைகள் தெருவிளக்கில் உட்கார்ந்து படித்தார்களாம். “எம்புள்ளைங்க படிச்சது அவரு போட்ட வெளக்குல” என்று அந்தப் பாட்டி சொன்னபோதுதான் எங்களுக்கே விஷயம் தெரிந்தது. வீட்டில் அவர் இதையெல்லாம் பேசியதே கிடையாது.

கொள்ளி வைத்தது பெரியப்பா மகன். நாங்கள் இரண்டும் பெண் பிள்ளைகள், வழக்கம் அப்படி. அதில் யார் மேலும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அப்பாவுக்கு என் கையால் ஒன்றும் செய்யவில்லையே என்பது மட்டும் மனசை விட்டுப் போகவே இல்லை. பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போகலாம் என்று சொன்னது அம்மாதான். “பெத்த புள்ளையா இல்லாத சாமியே அங்க வந்து செய்யுது. நீ பெத்த பொண்ணு. வா போலாம்.”

வழியெல்லாம் சாமிக்கு வரவேற்பு. வாசல் தெளித்துக் கோலம் போட்டுத் தேங்காய், பழத்தட்டோடு ஜனங்கள் காத்திருந்தார்கள். ஊரில் நாம் வரிசையில் நின்று பார்க்கிற அண்ணாமலையார், இங்கே ஒவ்வொரு வாசலிலும் நின்று நின்று போகிறார். ஆற்றில் தண்ணீர் அதிகமில்லை, கரையில் நல்ல கூட்டம். சாமியை இறக்கி வைத்தார்கள். சூலத்துக்கு மஞ்சள், பால், சந்தனம் என்று அபிஷேகம் நடந்து தீர்த்தவாரி முடிந்தது. பிறகு திதிச் சடங்கு ஆரம்பித்தது. சாமி சார்பில் சிவாச்சாரியார்கள் மந்திரம் சொல்லச் சொல்ல, சுற்றி நின்ற சனம் அப்படியே அடங்கிவிட்டது. தகப்பனைப் பறிகொடுத்த வீட்டில் நிற்பதைப் போலத்தான் எல்லாரும் நின்றார்கள்.

பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், “யாரும்மா நீங்க, எந்த ஊரு?” என்று அம்மாவிடம் விசாரித்தார். அம்மா அப்பா பெயரைச் சொல்லி, கரண்ட் ஆபீஸ் என்றதும், “லைன்மேனு வீட்டம்மாவா?” என்று கை கூப்பிவிட்டார். ஒரு புயல் மழையில் இவர்கள் ஊர் மோட்டார் லைன் அறுந்து விழுந்தபோது, இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்து கம்பியைக் கட்டினாராம். “சாப்புடுங்கன்னா, மொதல்ல கெணத்துல தண்ணி ஏறட்டும்னாரு” என்றார். அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கரையில் தங்கள் முன்னோருக்குத் திதி கொடுக்கிறவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். அங்கிருந்த ஐயரிடம் போனோம். “யார் உக்காரப் போறது?” என்று கேட்டார். “எம்பொண்ணு” என்றார் அம்மா. அவர் மறு பேச்சுப் பேசாமல் பலகையைக் காட்டினார். கோத்திரம் தெரியாது என்றேன். “அதனால என்ன, சிவ கோத்திரம்னு சொல்லுங்கோ” என்று சொல்லித் தர்ப்பையைக் கையில் கொடுத்தார். அப்பா பெயர், தாத்தா பெயர், முப்பாட்டன் பெயர். மூன்றாவது பெயர் எனக்குத் தெரியாது, அம்மாதான் எடுத்துக் கொடுத்தார். எள்ளும் தண்ணீரும் கட்டைவிரல் பக்கமாக வழிந்து இறங்கியபோது அப்பா பெயரை நான் சத்தமாகவே சொன்னேன். அவர் எங்களைக் கூப்பிட்ட அதே குரலில் கூப்பிட வேண்டும் போல இருந்தது.

சாமி திரும்பியதும் அன்று இரவு கோயிலில் அவருக்கு முடிசூட்டு விழா. வல்லாளர் விட்டுப்போன ராஜ்ஜியத்துக்கு மகனாகப் பட்டம் ஏற்கிறார். திதி கொடுத்துவிட்டு அழுதுகொண்டே உட்கார்ந்திருக்கவில்லை, தகப்பனார் விட்ட பொறுப்பை அன்றைக்கே எடுத்துக்கொள்கிறார். அப்பா போனதிலிருந்து தெருவில் யாருக்காவது மனு எழுத வேண்டுமென்றால் எங்கள் வீட்டுக் கதவைத்தான் இன்னும் தட்டுகிறார்கள். இத்தனை நாளும் அம்மா, “அவரு இல்லைங்க” என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார். பள்ளிகொண்டாப்பட்டிலிருந்து வந்த மறுநாள் பின் தெரு அக்கா ஒருத்தர் மீட்டர் பெயர் மாற்ற வேண்டும் என்று வந்தார். அம்மா அவரைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு உள்ளே பார்த்து என்னைக் கூப்பிட்டார். நான் பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு போனேன்.