15-ஆவது திருத்தத்தின் ஓட்டை

அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின், 1870-இல் வந்த அமெரிக்க அரசியலமைப்பின் 15-ஆவது திருத்தம் கறுப்பின ஆண்களுக்கு ஓட்டுரிமையைத் தந்தது என்றே பலரும் எழுதுகிறார்கள். வாசகத்தைப் பாருங்கள்: இனம், நிறம், முன்பு அடிமையாக இருந்தது, இவற்றைக் காட்டி மறுக்கக் கூடாது. அவ்வளவுதான். வேறு காரணம் சொல்லி மறுக்கலாமே!

தென் மாநிலமான மிசிசிப்பி 1890-இல் தனக்கெனப் புது அரசியலமைப்பு எழுதி அதைத்தான் செய்தது. ஓட்டுப் போட ஆண்டுக்கு ஆளுக்கு 2 டாலர் தலைவரி. முந்தைய இரண்டு ஆண்டு வரியையும் தேர்தல் ஆண்டின் பிப்ரவரி 1-க்குள் கட்டி, கட்டியதற்கான சான்றையும் காட்ட வேண்டும். தேர்தலோ நவம்பரில்! ரசீது தொலைந்தால் ஓட்டும் தொலைந்தது. மாநிலத்தில் 2 ஆண்டு, அதே தேர்தல் வட்டாரத்தில் 1 ஆண்டு குடியிருந்திருக்க வேண்டும். அறுவடை முடிந்ததும் வேறு பண்ணை தேடிப் போகும் வாரக்குடிக்கு (விளைச்சலில் பங்கு தந்து பிறர் நிலத்தில் உழுபவருக்கு) இது எங்கே வாய்க்கும்?

கொடூரம் அடுத்தது. மாநில அரசியலமைப்பின் ஒரு பிரிவைப் படிக்க வேண்டும், அல்லது படிக்கக் கேட்டு விளக்க வேண்டும். எந்தப் பிரிவு, விளக்கம் சரியா என்பதெல்லாம் பதிவு அதிகாரியின் இஷ்டம். வெள்ளையருக்கு எளிய வாக்கியம், மற்றவருக்குச் சட்டச் சிக்கல் நிறைந்த பிரிவு.

மற்ற தென் மாநிலங்களும் பின்தொடர்ந்தன. லூசியானாவில் 1896-இல் 1,30,334 கறுப்பின வாக்காளர்கள், 1904-இல் 1,342. தலைவரியை மத்தியத் தேர்தல்களில் 1964-இல்தான் ஒழித்தார்கள், மாநிலத் தேர்தல்களில் 1966-இல்.