அத்தைக்குப் புரிகிற பூட் மெனு: கிரப் திரையில் தமிழ் கொண்டுவந்த அனுபவம்

ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸும் லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவும் வைத்திருப்பவர்களுக்கு அந்தத் திரை பழக்கமானதுதான். ஸ்விட்சைப் போட்டதும் ஐந்தாறு வரிகள் வரும். அம்புக்குறி விசையால் வேண்டிய வரிக்குப் போய் என்டர் தட்ட வேண்டும். சில வினாடிகளுக்குள் எதையும் தொடாவிட்டால் முதல் வரியில் இருப்பது தானாகத் திறந்துகொள்ளும். ஒருவர் மட்டும் புழங்கும் கம்ப்யூட்டருக்கு இது போதும். எங்கள் வீட்டுக்குப் போதவில்லை.

பாம்பனில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் எனக்கும் அத்தைக்கும் பொது. என் வேலையெல்லாம் உபுண்டுவில். அத்தை விண்டோஸில் பாசிக் கணக்கு வைக்கிறார். கடலில் இறங்கிப் பாசி எடுக்கும் பெண்கள் காயவைத்துக் கொண்டுவருவதை எடைபோட்டு, கஞ்சிப்பாசியா மரிக்கொழுந்துப் பாசியா, யாருக்கு எத்தனை கிலோ, முன்பணம் எவ்வளவு போயிருக்கிறது என்றெல்லாம் பதிந்து ரசீது தருவார். அந்த ரசீது பிரிண்டருக்கு லினக்ஸ் டிரைவர் கிடைக்கவில்லை. அதனால் விண்டோஸை எடுத்துவிடும் பேச்சே கிடையாது.

அத்தை தமிழ் நன்றாக வாசிப்பார், ஆங்கிலம் வாசிக்க மாட்டார். உபுண்டு, அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், மெமரி டெஸ்ட், விண்டோஸ் பூட் மேனேஜர், யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ் என்று ஆங்கிலத்தில் வரிசைகட்டி நிற்கும் திரையைப் பார்த்து, "இதுல எதைய்யா அமுக்கணும்?" என்று கேட்பார். எத்தனாவது வரி என்று மனப்பாடம் செய்துகொள்ளச் சொல்லலாம். ஆனால் புதிய வரி ஒன்று மெனுவில் சேர்ந்தால் அந்த எண்ணிக்கை மாறிவிடும். போதாததற்கு உப்புக்காற்று. இங்கே ஜன்னல் கம்பியே நிலைப்பதில்லை, கீபோர்டு எம்மாத்திரம்? கீழ்நோக்கும் அம்புக்குறி விசைதான் முதலில் போயிற்று.

இரண்டு சிஸ்டம் உள்ள கம்ப்யூட்டர் நம் பக்கம் புதிதல்ல. 2011ல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது விண்டோஸோடு, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. இன்றைக்கு விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலுமே உள்ளே போய்விட்டால் தமிழ் கிடைக்கிறது. முதல் திரையில் மட்டும் ஏன் அத்தை யாரையாவது கூப்பிட வேண்டும்? இதைச் சரிசெய்தே ஆக வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

அந்த மெனுவைக் காட்டுவது கிரப் என்ற பூட்லோடர், அதாவது ஸ்விட்சைப் போட்டதும் முதலில் ஓடி, வேண்டிய சிஸ்டத்தைத் திறந்துவிடும் சின்ன புரோகிராம். மெனு முழுவதும் பூட் ஃபோல்டருக்குள் உள்ள கிரப்.சிஎஃப்ஜி ஃபைலில் இருக்கிறது. ஆனால் அதில் கை வைக்கக் கூடாது. அதன் தலைப்பிலேயே அப்படி எழுதியிருக்கும். அப்டேட்-கிரப் கட்டளை ஓடும் ஒவ்வொரு முறையும் அது புதிதாக எழுதப்படும், நாம் செய்த திருத்தம் காணாமல் போகும். மாற்ற வேண்டியது இரண்டு இடத்தில். ஒன்று, எட்ஸி ஃபோல்டருக்குள் டீஃபால்ட் என்ற ஃபோல்டரில் உள்ள கிரப் ஃபைல். எத்தனை வினாடி காத்திருப்பது, எது தானாகத் திறப்பது போன்ற விவரங்கள் அதில். இன்னொன்று, எட்ஸியிலேயே உள்ள கிரப்.டி ஃபோல்டர். அதில் எண்ணோடு தொடங்கும் ஸ்கிரிப்டுகள் உண்டு: 10_லினக்ஸ், 30_ஓஎஸ்-புரோபர், 40_கஸ்டம் என்று. எண் வரிசைப்படி அவை ஓடுகின்றன, அதே வரிசையில்தான் மெனு வரிகளும் அமைகின்றன.

விண்டோஸைத் தேடிக் கண்டுபிடித்து மெனுவில் சேர்ப்பது ஓஎஸ்-புரோபர். 2021ல் வந்த கிரப் 2.06லிருந்து பாதுகாப்புக் கருதி அதை இயல்பாகவே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பலருக்கு மெனுவில் விண்டோஸ் திடீரென்று காணாமல் போனது இதனால்தான். டீஃபால்ட் ஃபைலில் கிரப்_டிஸேபிள்_ஓஎஸ்_புரோபர் என்பதற்கு ஃபால்ஸ் என்று கொடுத்தால் திரும்ப வந்துவிடும். நான் அந்த வழியை விட்டுவிட்டு விண்டோஸ் வரியைக் கையாலேயே எழுதினேன். அப்போதுதான் அதன் இடமும் பெயரும் குறுக்குவிசையும் நம் கையில் இருக்கும்.

40_கஸ்டம் ஃபைலை 06 என்று தொடங்கும் பெயரில் நகலெடுத்தேன். எண் பத்துக்குக் கீழே இருப்பதால் உபுண்டுவுக்கு முன்னால் வரும். பூட் ஃபைல்கள் இருக்கும் டிஸ்க் பகுதிதான் இஎஃப்ஐ பார்ட்டிஷன். அதன் அடையாளக் குறியான யூயூஐடியை பிஎல்கேஐடி கட்டளை காட்டியது. நடுவில் ஒரு கோடு போட்ட எட்டு எழுத்துதான். அந்த யூயூஐடியைக் கொண்டு பார்ட்டிஷனைத் தேடும் வரி ஒன்று, அதிலுள்ள மைக்ரோசாஃப்ட் பூட் ஃபைலைச் செயின்லோடர் (வேறொரு பூட்லோடரிடம் வேலையை ஒப்படைக்கும் கட்டளை) மூலம் அழைக்கும் வரி ஒன்று. தலைப்பு வரியிலேயே ஹாட்கீ என்று போட்டு டபிள்யூ எழுத்தைக் கொடுத்தேன். மெனு தெரியும்போது டபிள்யூ-வைத் தட்டினால் போதும், என்டர்கூட வேண்டாம், விண்டோஸ் திறந்துவிடும். அம்புக்குறி போன கவலை இதோடு தீர்ந்தது. ஆங்கில இ, சி இரண்டு எழுத்தையும் மட்டும் தவிர்த்துவிடுங்கள். மெனுவைத் திருத்தவும் கட்டளைத் திரைக்குப் போகவும் கிரப் அவற்றை வைத்திருக்கிறது.

இனி தமிழ். தலைப்பில் "அத்தை கணக்கு" என்று யூனிகோடில் எழுதிப் பார்த்தபோது எழுத்துகள் வந்தன, ஆனால் சிதறி வந்தன. தையில் த-வுக்கு முன்னால் நிற்க வேண்டிய ஐகாரக் குறி பின்னால் போய் நின்றது. நம் எழுத்தில் எ, ஏ, ஐ குறிகள் சேமிக்கப்படும்போது மெய்க்குப் பின்னால் இருக்கும், காட்டும்போது முன்னால் வர வேண்டும். ஒ, ஓ குறிகள் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்க வேண்டும். விண்டோஸ், லினக்ஸ் திரைகளில் அந்த வேலையைச் செய்ய ஒரு தனி அடுக்கு இருக்கிறது. கிரப்பில் அது கிடையாது. எந்த ஃபான்ட்டைக் கொடுத்தாலும் இந்தச் சிக்கல் தீராது.

வழி கிடைத்தது மெனுவின் தோற்றத்தை மாற்றும் கிரப் தீமில். மெனு வரி ஒவ்வொன்றுக்கும் கிளாஸ் என்று ஒரு பெயர் கொடுக்கலாம். தீமின் ஐகான்ஸ் ஃபோல்டரில் அதே பெயரில் பிஎன்ஜி படம் இருந்தால் வரிக்கு இடது பக்கம் அது வந்து நிற்கும். ஐகான் என்றால் சின்னச் சதுரமாகத்தான் இருக்க வேண்டுமென்று விதி இல்லை. அகலம், உயரம் இரண்டையும் நாமே சொல்லலாம். கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் 320க்கு 48 பிக்சல் அளவில், பின்னணி இல்லாமல், வெள்ளையில் "பாசிக் கணக்கு" என்று நோட்டோ சான்ஸ் தமிழ் ஃபான்ட்டில் எழுதிப் படமாக்கினேன். விண்டோஸ் என்றுகூடப் போடவில்லை. அத்தைக்கு வேண்டியது கணக்கு, சிஸ்டத்தின் பெயரல்ல. உபுண்டுவுக்கு என் பெயரை எழுதி உபுண்டு.பிஎன்ஜி என்று வைத்தேன், ஏனென்றால் 10_லினக்ஸ் அந்த வரிக்கு உபுண்டு என்ற கிளாஸைத் தானே போட்டுவிடுகிறது. தீம் ஃபைலில் ஐகானின் அகல உயரத்தையும் வரியின் உயரத்தையும் படத்துக்கு ஏற்ப மாற்றி, டீஃபால்ட் ஃபைலில் கிரப்_தீம் என்பதற்கு அந்தத் தீம் ஃபைலின் முழுப் பாதையைக் கொடுத்தேன். யூனிகோடில் எழுதிய தலைப்பை எடுத்துவிட்டு டபிள்யூ என்ற ஒற்றை ஆங்கில எழுத்தைப் போட்டேன். தமிழில் "பாசிக் கணக்கு", பக்கத்தில் தட்ட வேண்டிய எழுத்து. அந்தத் திரை முதல்முதலாக வந்தபோது அத்தை அதைச் சத்தமாக வாசித்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பின்னணிக்குப் பாம்பன் பாலம் வேண்டுமென்றார், 1914ல் திறந்த பழைய பாலம்தான். போட்டுப் பார்த்தோம். தூண்களும் அலையும் சேர்ந்து எழுத்தை விழுங்கின. கடைசியில் அடர்நீலமே நின்றது. தேர்ந்தெடுத்த வரியைச் சுற்றி மஞ்சள் கட்டம்.

எது தானாகத் திறப்பது என்பதையும் யோசித்துத்தான் வைக்க வேண்டும். கடைசியாகத் திறந்ததையே மறுபடி திறக்கும் வசதி கிரப்பில் உண்டு, எங்களுக்கு அது ஒத்துவராது. ராத்திரி நான் உபுண்டுவில் இருந்துவிட்டுப் படுத்தால் மறுநாள் அத்தைக்கு உபுண்டு வந்து நிற்கும். அதனால் கிரப்_டீஃபால்ட் 0 என்றே விட்டேன், அதாவது முதல் வரி, பாசிக் கணக்கு. நேரம் 20 வினாடி.

மெமரி டெஸ்ட், ஃபர்ம்வேர் செட்டிங்ஸ் வரிகளை அவற்றின் ஸ்கிரிப்டில் எக்ஸிகியூட் அனுமதியை எடுத்து மறைத்தேன். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸைத் தொடவில்லை, நீங்களும் தொடாதீர்கள். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் புதிதாக வந்து, அது ஏறாமல் நின்றுபோனால் பழைய கெர்னலில் நுழைய அதுதான் கைகொடுக்கும்.

கரண்ட் போய்ப் போய் வரும் இடத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று. உபுண்டு ஏறிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால், அடுத்த முறை நாம் கொடுத்த நேரத்தை விட்டுவிட்டு மெனு 30 வினாடி நிற்கும். கிரப்_ரெக்கார்டுஃபெயில்_டைம்அவுட் என்று ஒரு வரி சேர்த்து அதற்கும் 20 கொடுத்தால் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும்.

அப்புறம் கடிகாரம். இது மெனுவைச் சேர்ந்ததல்ல, ஆனால் இரண்டு சிஸ்டம் வைத்தால் கூடவே வரும். லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை வைக்கிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. நமக்கு ஐந்தரை மணி நேர வித்தியாசம். மாலை 4 மணிக்கு எடைபோட்ட பாசிக்கு ரசீதில் காலை 10.30 என்று அச்சாகும். பணம் புழங்கும் கணக்கில் அது வீண் சண்டை. உபுண்டுவில் டைம்டேட்சிடிஎல் கட்டளையில் செட்-லோக்கல்-ஆர்டிசி 1 என்று கொடுத்ததும் இரண்டும் ஒத்துப்போயின.

எல்லாம் முடித்து அப்டேட்-கிரப் ஓட்டியதும், கம்ப்யூட்டரை அணைப்பதற்கு முன்பே கிரப்-ஸ்கிரிப்ட்-செக் கட்டளையால் கிரப்.சிஎஃப்ஜி-யைச் சோதித்துவிடுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் எந்த வரி என்று சொல்லிவிடும். கம்ப்யூட்டர் திறக்காமல் போனால் உதவ, பென்டிரைவிலிருந்தே உபுண்டு ஓடும் லைவ் பென்டிரைவ் ஒன்றும் கையில் இருக்கட்டும்.

அத்தையிடம் இப்போது ஒரு புதுக் கோரிக்கை இருக்கிறது. ஸ்விட்சைப் போட்டுவிட்டு முற்றத்தில் பாசி புரட்டப் போய்விடுகிறார், மெனு வந்தால் ஒரு சத்தம் கேட்க வேண்டுமாம். அதற்கும் கிரப்பில் இடம் உண்டு: கிரப்_இனிட்_டியூன் என்பதற்கு 480 440 1 என்று கொடுத்தால் மெனு வரும்போது ஒரு பீப் ஒலிக்கும். எங்கள் மதர்போர்டில் அதற்கான சின்ன ஸ்பீக்கர் இல்லை. ராமநாதபுரம் போகும்போது ஒன்று வாங்கி வர வேண்டும்.